எக்ஸ்ஏ டிரைவரா, சாதா டிரைவரா? எஸ்எம்எஸ் போகிறது, ரசீது இல்லை

வசூல்_கோடு எழுதியது:

வணக்கம். மூன்று நாளாக ஒரு முடிவுக்கு வர முடியாமல் அல்லாடுகிறேன், இங்கே அடிபட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு வசூல் அப்ளிகேஷன் பார்த்துக்கொள்கிறோம். அப்ளிகேஷன் சர்வர் வெப்லாஜிக் 12சி, பின்னால் டேட்டாபேஸ் ஆரக்கிள் 19சி. களத்தில் இருப்பவர் தவணையை வாங்கி டேப்பில் தட்டினால் சர்வரில் ஒரு இஜேபி மெத்தட் (ஜாவாவில் எழுதிய வேலைத் துண்டு) ஓடும். அது முதலில் ரசீது டேபிளில் ஒரு வரி போடும், அப்புறம் ஜாவாவின் மெசேஜ் வரிசையான ஜேஎம்எஸ் க்யூவில் இரண்டு மெசேஜ் போடும் (ஒன்று எஸ்எம்எஸ் அனுப்ப, இன்னொன்று பேரேட்டில் ஏற்ற), கடைசியாக டேட்டாபேஸுக்குள்ளேயே இருக்கும் ஒரு ஸ்டோர்டு புரொசீஜரைக் கூப்பிட்டுக் கடன் அட்டவணையைச் சரிசெய்யும். எல்லாம் ஒரே மெத்தட், டிரான்ஸாக்ஷனை (எல்லாம் சேர்ந்து நிலைக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்காதது போல் ஆக வேண்டும் என்ற கட்டு) கண்டெய்னரே, அதாவது வெப்லாஜிக்கே, பார்த்துக்கொள்கிறது.

பிரச்சினை என்னவென்றால், இந்த மாதம் இரண்டு தடவை, வாடிக்கையாளருக்கு "தங்கள் தவணை ரூ.2,350 பெறப்பட்டது" என்று எஸ்எம்எஸ் போயிருக்கிறது, ஆனால் ரசீது டேபிளில் வரியே இல்லை. அந்த அம்மா போனை நீட்டிக் காட்டுகிறார், எங்கள் ஸ்கிரீனில் பாக்கி அப்படியே நிற்கிறது. கிளை மேலாளர் என்னைக் கூப்பிட்டுப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. லாகைப் பார்த்தால், புரொசீஜர் பிழை கொடுத்து எல்லாம் ரோல்பேக் ஆகியிருக்கிறது, அதாவது எழுதியது அழிந்து பழைய நிலைக்குத் திரும்பியிருக்கிறது. மெசேஜ் மட்டும் போய்விட்டது.

இப்போது டேட்டா சோர்ஸ் (சர்வர் டேட்டாபேஸோடு பேசும் அமைப்பு) சாதா தின் டிரைவரில் இருக்கிறது, குளோபல் டிரான்ஸாக்ஷன் (பல சிஸ்டம் சேரக்கூடிய டிரான்ஸாக்ஷன்) பக்கத்தில் 'ஒன்-ஃபேஸ் கமிட்' (ஒரே கட்டத்தில் கமிட், அதாவது எழுதியதை நிலைப்படுத்துவது) என்று தேர்வாகியிருக்கிறது. யார் அப்படி வைத்தார்கள் என்று தெரியாது, வைத்தவர் வேலையை விட்டுப்போய் நான்கு வருடம். டீம் லீட் "எக்ஸ்ஏ டிரைவராக மாற்று, சரியாகிவிடும்" என்கிறார் (எக்ஸ்ஏ என்பது பல சிஸ்டங்களை ஒரே டிரான்ஸாக்ஷனில் சேர்த்து, முதலில் எல்லாரையும் தயாரா என்று கேட்டு அப்புறம் கமிட் செய்யும் முறை). டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டிபிஏ "என் டேட்டாபேஸில் எக்ஸ்ஏ வேண்டவே வேண்டாம்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார், காரணம் கேட்டால் பழைய கதை என்கிறார். மாதம் 5 முதல் 10 தேதி வரை கூட்டம் அதிகம், வேகம் குறைந்தாலும் திட்டு விழும். என்ன செய்யலாம்?

டீக்கடை_டெவ் எழுதியது:

எக்ஸ்ஏ போட்டுவிட்டுப் போங்கள். பணம் சம்பந்தப்பட்டது என்றால் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ்ஏதான். வேகம் குறையும் என்பதெல்லாம் அந்தக் காலத்துப் பேச்சு, இப்போது எல்லாம் எஸ்எஸ்டி.

நள்ளிரவு_டெப்ளாய் எழுதியது:

கண்ணை மூடிக்கொண்டு போட்டால் இவருக்கு அடுத்த மாதமும் அதே எஸ்எம்எஸ் போகும்.

வசூல்_கோடு, டிரைவரை விடுங்கள், முதலில் ஜேஎம்எஸ் பக்கம் பாருங்கள். மெசேஜ் போட எந்த கனெக்ஷன் ஃபேக்டரியை (க்யூவுக்கு இணைப்பு தருவது) எடுக்கிறீர்கள்? வெப்லாஜிக்கோடு வரும் இயல்பான ஃபேக்டரி எக்ஸ்ஏ கிடையாது. அதில் போடும் மெசேஜ் உங்கள் இஜேபியின் டிரான்ஸாக்ஷனுக்குள் வரவே வராது, செண்ட் என்று சொன்ன கணமே க்யூவில் விழுந்துவிடும், அந்தப் பக்கம் யாராவது காத்திருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அப்புறம் நீங்கள் டேட்டாபேஸை நூறு தடவை ரோல்பேக் செய்தாலும் போன எஸ்எம்எஸ் போனதுதான். நீங்கள் சொல்லும் அறிகுறி அச்சு அசல் இதுதான். டேட்டாபேஸ் டிரைவரை மட்டும் எக்ஸ்ஏவாக மாற்றினால் டிரான்ஸாக்ஷனில் அப்போதும் ஒரே ஆள்தான் இருப்பார், டேட்டாபேஸ். க்யூ வெளியே நிற்கும்.

இன்னொரு விஷயமும் இதிலிருந்தே தெரிகிறது. ஒன்-ஃபேஸ் கமிட் என்ற அமைப்பில் இருக்கும் சாதா டிரைவர், குளோபல் டிரான்ஸாக்ஷனில் தனி ஆளாக இருந்தால்தான் வேலை செய்யும். க்யூவும் ஒழுங்காக உள்ளே வந்திருந்தால் வெப்லாஜிக் பிழை கொடுத்து உங்களை நிறுத்தியிருக்கும். நான்கு வருடம் சத்தமில்லாமல் ஓடியது என்றாலே க்யூ உள்ளே இல்லை என்று அர்த்தம்.

அப்புறம் பொதுவாக ஒன்று. எந்த டிரைவர் நல்லது என்று கேட்பதில் பயனில்லை, ஒரு டிரான்ஸாக்ஷனுக்குள் எத்தனை பேர் சேர்ந்து கமிட் ஆக வேண்டும் என்று எண்ண வேண்டும். ஒரே டேட்டாபேஸ், அதில் இருபது டேபிள் என்றாலும் அது ஒரே ஆள்தான், சாதா டிரைவர் போதும், எக்ஸ்ஏ போட்டால் தொடக்கம் முடிவு என்று வீண் போக்குவரத்துதான் கூடும். அப்படிப் போட்டாலும் குடி முழுகிவிடாது, ஒரே ரிசோர்ஸ்தான் சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் எல்லாரையும் ஒருங்கிணைக்கும் டிரான்ஸாக்ஷன் மேனேஜர், 'தயாரா' என்று கேட்கும் பிரிப்பேர் கட்டத்தைத் தாண்டி நேராக ஒரே கட்டத்தில் கமிட் செய்துவிடும். இரண்டு பேர் ஆனவுடன்தான் செலவு ஏறுகிறது: க்யூ பிரிப்பேர் ஆகி டிஸ்க்கில் எழுத வேண்டும், டேட்டாபேஸ் பிரிப்பேர் ஆகி எழுத வேண்டும், "கமிட் என்று முடிவு செய்தேன்" என்று டிரான்ஸாக்ஷன் மேனேஜர் தன் லாகில் எழுத வேண்டும், அதற்கப்புறம் இரண்டு பேரும் கமிட். எஸ்எஸ்டி வந்தாலும் இந்தப் படிகள் குறையவில்லை, டீக்கடை.

உங்களிடம் இருப்பது இரண்டு பேர். க்யூவின் சேமிப்பை அதே ஆரக்கிளில் ஜேடிபிசி ஸ்டோராக (டேட்டாபேஸ் டேபிளில் சேமிப்பதாக) வைத்திருந்தாலும் இரண்டு பேர்தான், ஏனென்றால் ஜேஎம்எஸ் தன்னைத் தனி எக்ஸ்ஏ ரிசோர்ஸாகத்தான் காட்டிக்கொள்ளும். அந்த ஸ்டோருக்கான டேட்டா சோர்ஸை எக்ஸ்ஏவாக வைக்கவும் கூடாது, குளோபல் டிரான்ஸாக்ஷன் ஆதரவையே அதில் எடுத்துவிட வேண்டும். நிறையப் பேர் இந்த இடத்தில் எல்லா டேட்டா சோர்ஸையும் ஒரே மூச்சில் எக்ஸ்ஏவாக மாற்றிவிட்டு, சர்வர் ஏன் எழுந்திருக்கவில்லை என்று தேடுவார்கள்.

பழைய_டிபிஏ எழுதியது:

உங்கள் டிபிஏ சொல்லாத பழைய கதையை நான் சொல்கிறேன் தம்பி, ஏறக்குறைய எல்லா டிபிஏவிடமும் இதே கதைதான் இருக்கும்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் (பெயர் வேண்டாம்) ஒரு சனிக்கிழமை மாலை அப்ளிகேஷன் சர்வர் இருந்த மெஷின் விழுந்தது. விழுந்த நேரத்தில் பதினொரு டிரான்ஸாக்ஷன் பிரிப்பேர் ஆகி, கமிட் வரவில்லை. அதாவது டேட்டாபேஸ் "நான் தயார், நீ சொன்னால் கமிட், இல்லையென்றால் ரோல்பேக்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறது. சொல்ல வேண்டிய ஆள் செத்துவிட்டார். மிடில்வேர் பையன்கள் கெட்டிக்காரர்கள், ஒரு மணி நேரத்தில் வேறு மெஷினில் புது டொமைன் (சர்வர் தொகுதி) ஒன்றை எழுப்பிவிட்டார்கள், பழைய டிஸ்க்கைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டார்கள். டிரான்ஸாக்ஷன் லாக் அந்த டிஸ்க்கில்தான் இருந்தது. புது டொமைனுக்கு அந்தப் பதினொன்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. நிச்சயம் பண்ணிவிட்டு மாப்பிள்ளை வீட்டார் ஊரையே காலி செய்துகொண்டு போன மாதிரி, பெண்ணுக்கு வேறு வரனும் பார்க்க முடியாது.

ஞாயிறு காலையிலிருந்து ஓஆர்ஏ-01591 என்ற ஆரக்கிள் பிழை. இன்டவுட் (முடிவு தெரியாமல் தொங்கும்) டிரான்ஸாக்ஷன் பூட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த வரிகளை மாற்ற முடியாது என்பது மட்டும் இல்லை, எந்தப் பதிப்பைக் காட்டுவது என்று தெரியாததால் ஆரக்கிள் அவற்றைப் படிக்கவும் விடாது. சாதாரணப் பூட்டில் படிப்பவனுக்குத் தொந்தரவு இல்லை என்று பழகிய எங்களுக்கு அதுதான் அதிர்ச்சி. பதினொரு வரியால் நாள் முடிவு ரிப்போர்ட் மொத்தமும் நின்றது. செஷனைக் கொன்று பார்த்தோம், பிரயோஜனமில்லை, அந்தப் பூட்டு செஷனுக்குச் சொந்தமில்லை. டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தாலும் அது இருக்கும், இருக்க வேண்டும் என்பதுதான் ஒப்பந்தமே.

கடைசியில் டிபிஏ_2பிசி_பெண்டிங் வியூவைத் திறந்து, ஒவ்வொன்றின் லோக்கல் எண்ணையும் எடுத்து, எதிர்ப்பக்க சிஸ்டத்தில் அந்தப் பரிவர்த்தனை நடந்திருக்கிறதா என்று போனில் கேட்டுக் கேட்டு, நடந்திருந்தால் கமிட் ஃபோர்ஸ், இல்லையென்றால் ரோல்பேக் ஃபோர்ஸ். பதினொன்றுக்கு நான்கு மணி நேரம். ஒன்றில் தவறான முடிவெடுத்தால் ஒரு பக்கம் பணம் வந்திருக்கும், இன்னொரு பக்கம் வந்திருக்காது. அதைக் கையெழுத்துப் போட்டுச் செய்வது டிபிஏ, டெவலப்பர் அப்போது ஞாயிற்றுக்கிழமை பிரியாணியில் இருப்பார்.

ஆகவே உங்கள் டிபிஏ மேல் கோபப்படாதீர்கள். எக்ஸ்ஏ போடுங்கள், ஆனால் மூன்று விஷயத்துக்கு யார் பொறுப்பு என்று முதலில் பேசுங்கள். டிரான்ஸாக்ஷன் லாக் எங்கே இருக்கும், மெஷின் போனாலும் அது பிழைக்குமா (பொது ஸ்டோரேஜில் வைக்கலாம், டேட்டாபேஸிலேயே வைக்கவும் வழி உண்டு). டேட்டா சோர்ஸ் யூசருக்கு ரெகவரிக்கான உரிமைகள் கொடுத்திருக்கிறார்களா: பெண்டிங் வியூக்களைப் படிக்கும் உரிமையும் டிபிஎம்எஸ்_எக்ஸ்ஏ பேக்கேஜை ஓட்டும் உரிமையும் இல்லையென்றால் எல்லா நாளும் ஜோராக ஓடும், சர்வர் விழுந்து எழும் அன்றைக்குத்தான் ரெகவரி பிழை கொடுக்கும். அப்புறம் டைம்அவுட் வரிசை. வெப்லாஜிக் ஜேடிஏ (டிரான்ஸாக்ஷன்) டைம்அவுட் இயல்பாக 30 விநாடி, ஆரக்கிளின் டிஸ்ட்ரிபியூட்டட்_லாக்_டைம்அவுட் 60 விநாடி. ஜேடிஏ எல்லாவற்றிலும் சிறியதாக இருக்க வேண்டும், எக்ஸ்ஏ செஷன் டைம்அவுட் அதைவிடப் பெரிது, லாக் டைம்அவுட் இன்னும் பெரிது. யாராவது "பேட்ச் ஓடவில்லை" என்று ஜேடிஏவை 600 ஆக்கிவிட்டு மற்றதை விட்டுவிடுவார்கள், அப்புறம் ஓஆர்ஏ-02049 (பூட்டுக்காகக் காத்திருந்து நேரம் முடிந்த பிழை) வந்து நம் கழுத்தைப் பிடிக்கும்.

இரு கட்ட கமிட்டை டேட்டாபேஸ் ஆராய்ச்சியாளர் ஜிம் கிரே 1978இல் எழுதிவைத்தார், எக்ஸ்/ஓப்பன் என்ற தரநிலை அமைப்புக்காரர்கள் 1991இல் எக்ஸ்ஏ என்று தரப்படுத்தினார்கள். அன்றைக்கிருந்த அதே ஓட்டைதான் இன்றைக்கும்: முடிவு சொல்ல வேண்டியவர் நடுவில் போய்விட்டால் மற்றவர்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.

வசூல்_கோடு எழுதியது:

இரண்டு பேருக்கும் பெரிய நன்றி. நள்ளிரவு சொன்னது அப்படியே சரி, கோடில் ஃபேக்டரியைத் தேடும் ஜேஎன்டிஐ பெயரைப் பார்த்தேன், எக்ஸ்ஏ இல்லாத அந்த இயல்பான ஃபேக்டரிதான். நான்கு வருடமாக.

நேற்று யூஏடியில் (சோதனைச் சூழலில்) எக்ஸ்ஏ ஃபேக்டரி, எக்ஸ்ஏ டிரைவர் இரண்டையும் போட்டு ஓட்டினேன். புரொசீஜரை வேண்டுமென்றே தோற்கவைத்தால் மெசேஜ் போகவில்லை, அந்த மட்டும் சந்தோஷம். ஆனால் புதிதாக இரண்டு தலைவலி.

முதலாவது, முன்கூட்டியே கடனை முடிக்கும் கேஸில் மட்டும் ஓஆர்ஏ-02089, கமிட் அனுமதி இல்லை என்கிறது. தேடினால் புரொசீஜருக்குள் அந்த ஒரு கிளையில் மட்டும் யாரோ கமிட் எழுதி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு நாள் அது பாட்டுக்கு ரசீதைப் பாதியில் கமிட் செய்துகொண்டிருந்திருக்கிறது!

இரண்டாவதுதான் புரியவே இல்லை. பேரேடு ஏற்றும் எம்டிபி (க்யூவிலிருந்து மெசேஜை எடுத்து வேலை செய்யும் ஜாவா துண்டு), மெசேஜில் வரும் ரசீது எண்ணை வைத்து டேபிளில் வரியைத் தேடும். ஐந்நூறு ரசீது ஓட்டியதில் ஆறுக்கு "ரசீது கிடைக்கவில்லை" என்று விழுந்தது. ஒரு நிமிடம் கழித்து நான் கையால் பார்த்தால் ரசீது அங்கேயே இருக்கிறது! திரும்ப அனுப்புவதில் தாமதம் எதுவும் நாங்கள் வைக்கவில்லை, மெசேஜ் உடனே திரும்பி வந்து இரண்டாவது தடவை சரியாக ஏறிவிட்டது, ஆனால் லாக் முழுக்கப் பிழை. ஒரே டிரான்ஸாக்ஷன் என்றால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரிய வேண்டும்?

டீம் லீட் இப்போது "சாதா டிரைவரையே வைத்துக்கொண்டு 'எமுலேட் டூ-ஃபேஸ் கமிட்' டிக் போடு, எல்லாப் பிழையும் போய்விடும்" என்கிறார். உண்மையிலேயே போட்டுப் பார்த்தேன், போய்விட்டது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

நள்ளிரவு_டெப்ளாய் எழுதியது:

ஐயோ, அதை எடுத்துவிடுங்கள். எமுலேட் என்றால் நடிப்பு, பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். டிரான்ஸாக்ஷன் மேனேஜர் "தயாரா?" என்று கேட்கும்போது, டேட்டாபேஸைக் கேட்காமலேயே டேட்டா சோர்ஸ் "தயார்" என்று தலையாட்டிவிடும். உண்மையான கமிட் இரண்டாம் கட்டத்தில்தான் போகும். அப்போது டேட்டாபேஸ் முடியாது என்றாலோ கனெக்ஷன் அறுந்தாலோ, க்யூ ஏற்கெனவே கமிட் ஆகியிருக்கலாம். எஸ்எம்எஸ் போய் ரசீது இல்லாத அதே நிலைக்குத்தான் திரும்பி வருவீர்கள், என்ன, மாதம் இரண்டு என்பது வருடம் இரண்டு ஆகும், அப்போது கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். பிழை போனது ஓஆர்ஏ-02089ஐக் கொடுக்கும் எக்ஸ்ஏ போய்விட்டதால்தான். புரொசீஜருக்குள் இருக்கும் கமிட் இப்போது மறுபடி சத்தமில்லாமல் ஓடுகிறது.

இரண்டாவது தலைவலி எல்லாரும் ஒரு தடவை விழும் குழி. இரு கட்ட கமிட், எல்லாரும் கமிட் அல்லது யாரும் இல்லை என்றுதான் உறுதி கொடுக்கிறது, எல்லாரும் ஒரே கணத்தில் என்று கொடுக்கவில்லை. இரண்டாம் கட்டத்தில் க்யூவுக்கு முதலில் கமிட் போனால் மெசேஜ் அப்போதே தெரியும், எம்டிபி பாய்ந்து எடுத்து டேபிளைப் பார்க்கும், டேட்டாபேஸுக்குக் கமிட் அப்போதுதான் வழியில் வந்துகொண்டிருக்கும். சில மில்லிவிநாடி. உங்கள் ஆறு ரசீது அதில் மாட்டியவை.

உங்கள் கேஸுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கும் மூன்றாவது தேர்வைப் பாருங்கள்: 'லாகிங் லாஸ்ட் ரிசோர்ஸ்'. இதற்குச் சாதா டிரைவர்தான், எக்ஸ்ஏ டிரைவர் தேவையில்லை. வேலை இப்படி நடக்கும்: முதலில் க்யூவை மட்டும் பிரிப்பேர் செய்யும். அது தயார் என்றதும், டேட்டாபேஸில் உங்கள் ரசீது போட்ட அதே லோக்கல் டிரான்ஸாக்ஷனுக்குள், டபிள்யூஎல்_எல்எல்ஆர் என்று தொடங்கி சர்வர் பெயரில் முடியும் ஒரு டேபிளில் டிரான்ஸாக்ஷன் பதிவை ஒரு வரியாக எழுதி, இரண்டையும் ஒரே கமிட்டில் முடிக்கும். அந்தக் கமிட் விழுந்தால் முடிவு கமிட், விழாவிட்டால் ரோல்பேக். அதற்கப்புறம்தான் க்யூவுக்குக் கமிட் போகும். சர்வர் நடுவில் செத்தாலும் திரும்ப எழுந்து அந்த டேபிளைப் படித்துப் பார்த்து க்யூவை முடித்துக்கொள்ளும்.

இதில் உங்களுக்கு மூன்று லாபம். டேட்டாபேஸ் எப்போதுமே பிரிப்பேர் நிலைக்குப் போவதில்லை, ஆகவே உங்கள் டிபிஏ பயப்படும் 01591 இந்த டேட்டா சோர்ஸிலிருந்து வராது. டேட்டாபேஸ் முதலில் கமிட் ஆகிறது, மெசேஜ் அப்புறம்தான் தெரியும், அந்த ஆறு ரசீது பிரச்சினை ஒழிந்தது. எக்ஸ்ஏவை விட வேகமும் கொஞ்சம் அதிகம்.

இலவசமாக இல்லை. ஒரு டிரான்ஸாக்ஷனில் இப்படிப்பட்ட ரிசோர்ஸ் ஒன்றுதான் இருக்கலாம், இன்னொரு டேட்டாபேஸ் உள்ளே வந்தால் அது எக்ஸ்ஏவாக இருக்க வேண்டும். சர்வர் எழும்போது அந்த டேபிளைப் படிக்க முடியவில்லை என்றால் சர்வரே எழாது. டேட்டாபேஸ் பராமரிப்பு நடக்கும்போது வெப்லாஜிக்கை ரீஸ்டார்ட் செய்து பார்த்துக் குழம்பாதீர்கள். பல சர்வர் சேர்ந்த கிளஸ்டரில் ஒரு டிரான்ஸாக்ஷன் இரண்டு சர்வரைத் தொட்டால், இரண்டாவது சர்வரின் டேட்டாபேஸ் வேலையும் ஒருங்கிணைக்கும் சர்வர் வழியாகத்தான் போகும்.

மிக முக்கியம்: புரொசீஜருக்குள் இருக்கும் கமிட்டை எப்படியாவது எடுத்தே ஆக வேண்டும். எக்ஸ்ஏவில் ஆரக்கிளே 02089 என்று கத்திக் காட்டிக்கொடுத்தது. இங்கே இருப்பது லோக்கல் டிரான்ஸாக்ஷன். ஜாவாவில் கனெக்ஷனின் கமிட்டைக் கூப்பிட்டால் வெப்லாஜிக் தடுக்கும், புரொசீஜரின் பிஎல்/எஸ்கியூஎல்லுக்குள் ஓடும் கமிட் அதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே யூஏடியில் எக்ஸ்ஏ டிரைவரோடு எல்லா வழியையும் ஒரு சுற்று ஓட்டி, 02089 எங்கெல்லாம் வருகிறதோ அதையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு அப்புறம் மாறுங்கள். எக்ஸ்ஏ டிரைவரை நான் இப்படி மோப்ப நாயாகத்தான் இப்போது அதிகம் பயன்படுத்துகிறேன்.

போஸ்ட்கிரெஸ்_பித்தன் எழுதியது:

நான் வேறு முகாம். எங்களிடம் ஆரக்கிளும் இல்லை வெப்லாஜிக்கும் இல்லை, ஆகவே உரிமையோடு கேட்கிறேன்: இரண்டு பேரை எதற்கு ஒரு டிரான்ஸாக்ஷனில் கட்டிப்போட வேண்டும்? ரசீது போடும் அதே டிரான்ஸாக்ஷனில் 'அனுப்ப வேண்டியவை' என்று ஒரு டேபிளில் இரண்டு வரி போடுங்கள். சாதா டிரைவர், சாதா கமிட். தனியாக ஒரு வேலையாள் அந்த டேபிளைப் படித்து க்யூவில் போட்டு, போட்டதைக் குறித்துக்கொள்ளட்டும். வேலையாள் நான்கு பேர் இருந்தாலும் ஃபார் அப்டேட் ஸ்கிப் லாக்ட் என்று எழுதினால் ஒருவர் எடுத்ததை இன்னொருவர் தொடமாட்டார். அவுட்பாக்ஸ் என்று இதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் எக்ஸ்ஏ வைத்துப் பட்டதால் சொல்கிறேன். மேக்ஸ்_பிரிப்பேர்ட்_டிரான்ஸாக்ஷன்ஸ் என்ற அமைப்பு இயல்பாகவே பூஜ்யம், வேண்டுமென்று கேட்டு ரீஸ்டார்ட் செய்தால்தான் பிரிப்பேர் வேலை செய்யும், அதுவே அவர்கள் எச்சரிக்கை பண்ணுகிற மாதிரி. நாங்கள் ஏற்றினோம். ஒரே ஒரு பிரிப்பேர் ஆன டிரான்ஸாக்ஷன் அனாதையாக ஒன்பது நாள் கிடந்தது, யாரும் பார்க்கவில்லை, அது இருக்கும் வரை வேக்யூம் என்ற துப்புரவு வேலை பழைய வரிகளைத் துடைக்க முடியாமல் டேபிள் ஊதிப்போய் டிஸ்க் அலாரம் அடித்தபோதுதான் பிஜி_பிரிப்பேர்ட்_எக்ஸாக்ட்ஸ் என்று ஒரு வியூ இருப்பதே எனக்குத் தெரிந்தது. மைஎஸ்கியூஎல்காரர்கள் சிரிக்க வேண்டாம், 5.7.7க்கு முன்னால் அங்கே கிளையண்ட் கனெக்ஷன் போனாலே பிரிப்பேர் ஆனது ரோல்பேக் ஆகிவிடும், வாக்குக் கொடுத்துவிட்டு மாறுகிற கதை. காஃப்கா என்ற மெசேஜ் சிஸ்டம் பக்கம் போனால் எக்ஸ்ஏவே கிடையாது, அங்கே அவுட்பாக்ஸ் இல்லாமல் நகரவே முடியாது.

அப்புறம், எஸ்எம்எஸ் கேட்வே என்ன எக்ஸ்ஏவா? எம்டிபி ஹெச்டிடிபியில் கூப்பிடுகிறது, எஸ்எம்எஸ் போகிறது, எம்டிபி கமிட் ஆகும் முன் சர்வர் சாகிறது, மெசேஜ் திரும்ப வருகிறது, இரண்டாவது எஸ்எம்எஸ் போகிறது. எந்த டிரைவர் போட்டாலும் இது நடக்கும். ரசீது எண்ணை வைத்து 'இதை ஏற்கெனவே அனுப்பியாயிற்றா' என்று பார்க்கும் ஒரு டேபிள் எப்படியும் வேண்டும். இரண்டு எஸ்எம்எஸ் போனால் அந்த அம்மா இரண்டு தவணை கட்டியாகிவிட்டது என்று வாதாடுவார்.

பழைய_டிபிஏ எழுதியது:

பித்தன் சொல்வது நியாயம், புது அப்ளிகேஷன் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அந்த 'அனுப்ப வேண்டியவை' டேபிளை யார் துடைப்பது என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் குறித்ததோடு சரி, அழிக்கவில்லை, மூன்று கோடி வரி, வேலையாள் விநாடிக்கு ஒரு தடவை முழு டேபிளையும் மேய்ந்துகொண்டிருந்தார். எக்ஸ்ஏவின் வேலையை நாமே கையால் செய்கிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டு_கனெக்ஷன் எழுதியது:

மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பக்கத்திலிருந்து ஒரு இடைச்செருகல். அங்கே டிரைவரைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லாமல் இதே குழியில் விழலாம். டிரான்ஸாக்ஷன்ஸ்கோப்புக்குள் ஒரு கனெக்ஷன் திறந்து வேலை செய்யும் வரை சாதா டிரான்ஸாக்ஷன். அதை மூடாமல் அதே எஸ்கியூஎல் சர்வருக்கு இரண்டாவது கனெக்ஷன் திறந்தால் தானாகவே எம்எஸ்டிடிசிக்கு (விண்டோஸின் டிரான்ஸாக்ஷன் ஒருங்கிணைப்பாளர்) ஏறிவிடும். நம் மெஷினில் ஓடும், கிளையண்ட் ஃபயர்வாலில் நிற்கும். டாட்நெட் கோருக்கு மாற்றியபோது அது ஆதரவே இல்லை என்று விழுந்தது, டாட்நெட் 7இல் திரும்ப வந்தது, அதுவும் விண்டோஸில் மட்டும். எங்களுக்குத் தீர்வு ஒரே வரி, கனெக்ஷனை ஒன்றாக்கினோம். ஜாவாவிலும் ஒரே டேட்டாபேஸுக்கு இரண்டு டேட்டா சோர்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை எண்ணிப் பார்த்துவிடுங்கள்.

வசூல்_கோடு எழுதியது:

கடைசி வரியைப் படித்துவிட்டு எண்ணினேன். எங்களுக்கும் இரண்டு டேட்டா சோர்ஸ், ரிப்போர்ட்டுக்கு என்று தனியாக ஒன்று, அதே ஆரக்கிள். ரசீது மெத்தட் ஓர் இடத்தில் கிளையின் பெயரை எடுக்க அந்த ரிப்போர்ட் டேட்டா சோர்ஸைத் தொடுகிறது. வெறும் செலக்ட் (படிப்பது மட்டும்), ஆனால் லாஸ்ட் ரிசோர்ஸ் அமைப்பில் அதுவும் டிரான்ஸாக்ஷனில் சேர முயன்று பிழை கொடுத்தது. அதை முதல் டேட்டா சோர்ஸுக்கே மாற்றிவிட்டேன்.

முடிவு இதுதான். எக்ஸ்ஏ டிரைவரோடு யூஏடியில் இரண்டு நாள் எல்லா வழியையும் ஓட்டியதில் 02089 இன்னொரு இடத்திலும் பிடிபட்டது, அபராதத் தள்ளுபடியில். இரண்டு கமிட்டையும் எடுத்தாயிற்று. அப்புறம் சாதா தின் டிரைவர், லாகிங் லாஸ்ட் ரிசோர்ஸ், எக்ஸ்ஏ கனெக்ஷன் ஃபேக்டரி. ஐந்நூறு ரசீதை மூன்று தடவை ஓட்டினேன், "ரசீது கிடைக்கவில்லை" ஒன்றுகூட இல்லை. நடுவில் சர்வரை கில் மைனஸ் 9 போட்டு, சட்டென்று கொன்றும் பார்த்தேன், எழுந்து வந்து க்யூவில் தொங்கிக்கொண்டிருந்த நான்கு மெசேஜைத் தானே முடித்துவிட்டது. பித்தன் சொன்ன இரட்டை எஸ்எம்எஸ் தடுப்பும் சேர்த்தாயிற்று, ரசீது எண்ணுக்கு ஒரு யுனிக் கீ. அவுட்பாக்ஸை அடுத்த வருடம் வெப்லாஜிக்கை விட்டு வெளியேறும்போது பார்ப்போம் என்று லீட் சொல்லிவிட்டார்.

டிபிஏ எக்ஸ்ஏ இல்லை என்றதும் உடனே கையெழுத்துப் போட்டார். நேற்று மாலை மட்டும் போன் செய்து, "உன் ஸ்கீமாவில் டபிள்யூஎல்_எல்எல்ஆர் என்று எவனோ ஒரு டேபிள் போட்டிருக்கிறான், நான்கு வரிதான் இருக்கிறது, டிராப் பண்ணிவிடவா?" என்றார். ஓடிப்போய்த் தடுத்தேன். இப்போது அந்த டேபிளுக்கு "தொடாதே" என்று தொடங்கி ஆறு வரியில் ஒரு காமென்ட் எழுதி வைத்திருக்கிறேன்.